முப்பத்திமூணாம் நாள் பத்தியம்

அதெப்பிடி கூடும்? நீயே சொல்லு தம்பி. ஒரு நாளைக்கி மூணு மாத்திரை. காலையில எட்டு மணி. மத்தியானம் ஒண்ணு. ராத்திரி எட்டு. ஆறு வருஷமா என் கையால குடுக்கறேன். நாலு குடுத்ததில்ல. ரெண்டு குடுத்ததில்ல. இப்ப வந்து, 'ஐயா, மாத்திரை ஏதாச்சும் கூடிப்போச்சா, நல்லா யோசிச்சி சொல்லுங்க'ன்னு கேக்கறாரு இந்த யாக்கோபு டாக்டரு. மருமவ எதிர்ல வெச்சி கேக்கறாரு! யோசிக்கறதுக்கு இன்னா கீது இதுல?

நகரு. கொஞ்சம் நகரு. பெஞ்சு ஒனக்கு மட்டும் போட்டதில்ல. அந்தப் பொட்டியத் தூக்கி மடியில வெச்சிக்க. கழுத்துல இன்னா... டையா? இந்த வெய்யில்லயா? மெடிக்கல் ரெப்பு. பாத்தாலே தெரியுது. மாத்திரை விக்கறவன். ஒங்களாலதான்யா எல்லாம். ஒங்க கம்பெனி இல்லியா? டை கட்டுனவன் எல்லாம் ஒரே கம்பெனிதான். ஒக்காரு.

உள்ள படுத்திருக்காளே, அவ என் சம்சாரம். தாயாரம்மாள். நாலு நாளா வாந்தி, பேதி. ரெண்டு நாளா நடக்கறப்போ காலு பின்னுது. பேச்சு கொழறுது. காலையில கொழாயாண்ட வுழுந்துட்டா. நானும் மருமவளும் எங்க ஊரு வல்லத்துலேர்ந்து ஒரு கல்லு லாரியில ஏத்திக்கினு வந்தோம். கம்பெனி கட்டறதுக்கு ஜல்லி அடிக்கற லாரி. பையன் வசந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு, அவனுக்கு சேதி சொல்லி அனுப்பியிருக்கு. வழியில மூணு எடத்துல போலீஸ் நிறுத்திட்டான். போன மாசம் இங்க குண்டு வெடிச்சி தலைவரு செத்ததுலேர்ந்து இந்த ரோட்ல யாரு போனாலும் சந்தேகம். மடியில இன்னா, பையில இன்னா. மாத்திரை டப்பாவத் தொறந்து மோந்து பாக்கறான்யா ஒருத்தன்! ஒன் பொட்டியயும் தொறந்திருப்பானே? ஆங். தொறப்பான், தொறப்பான்.

டாக்டரு இன்னா சொல்றாருன்னா, ரெண்டுல ஒண்ணாம். மூளையில ரத்தம் அடைச்சிருக்கணும். இல்லேன்னா இந்த மாத்திரை ரத்தத்துல அளவுக்கு மேல ஏறி வெஷமாயிருக்கணும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேறயாம். ரத்தத்துல பாத்து சொல்ற டெஸ்ட்டு இங்க கெடையாது, மெட்ராசுலதான். 'நீங்க சொல்றத வெச்சித்தான் இப்ப நான் முடிவு பண்ணணும்'ங்கறாரு. நான் சொல்லிட்டேன். மாத்திரை கணக்கு. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல. அப்ப மூளைதான்னு தீர்மானம் பண்ணிட்டாரு போல. உள்ள போன்ல கத்திக்கினு இருக்காரே, கேக்குது இல்ல? மெட்ராசுக்குத்தான். டாக்சிக்கு ஆள் போயிருக்கு. வந்ததும் கெளம்பணும். அது வரைக்கும் ஒன்ன உள்ள கூப்புட மாட்டாரு. கடிகாரத்தப் பாக்காத. பன்னெண்டே கால்.

நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு? வரதராஜுலு. அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில இருபத்தெட்டு வருஷம் டைம் ஆபீஸ். நானூத்திப் பத்து பேரோட வருகை கார்டு. ஆறு மணி ஷிஃப்ட்டுன்னா ஆறு. ஆறு ஒண்ணுக்கு வந்தா கார்டுல செவப்பு மை. எவன் வந்து அழுதாலும் செவப்பு செவப்புதான். பொண்டாட்டிக்கு பிரசவம், மாமனாருக்கு கருமாதி, சைக்கிள் செயின் அறுந்துபோச்சு, பஸ்ஸு பங்க்சர்... அதெல்லாம் கடிகாரத்துக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால என்ன 'பெரிய முள்ளு'ன்னு சொல்லுவானுங்க. சொல்லிக்கோ. அப்பிடிப்பட்டவன் கிட்ட வந்து, மாத்திரை கூடிச்சான்னா கோவம் வராதா?

அவளுக்கு இன்னா வியாதின்னு கேக்கறியா? கேக்கலியா? கேக்காட்டியும் சொல்றேன்.

மனசு வியாதி. பைத்தியம்னு சொல்லாத. சொன்னவன் ஒருத்தன் பல்லு இன்னும் ஒழுங்கா இல்ல. ரெண்டு தெசை அதுக்கு. ஏறுனா ஏறிக்கினே போவும். எறங்குனா பாதாளம். நடுவுல நல்லா இருப்பா. என்ன வுட நல்லா இருப்பா.

எழுவத்தொம்போதுல ஏறுச்சு பாரு... பத்து நாள் தூக்கம் கெடையாது. வூட்டுக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு அடிச்சா. எங்க வூட்டுக்கு மட்டும் இல்ல, பக்கத்து வூட்டுக்கும், கேக்காமயே. பதினோராம் நாள் ஒரு மூட்டை பூந்தியத் தூக்கிக்கினு பஸ் ஏறி அம்பத்தூருக்கு வந்துட்டா. நான் கேன்டீன்ல சாப்புட்டுகினு இருக்கேன். கேட்ல இருந்தவன் 'டைம் ஆபீஸ் அம்மா'ன்னு சலாம் போட்டு உள்ள வுட்டுட்டான். நேரா என் ரூமுக்குப் போயி நானூத்திப் பத்து கார்டையும் எடுத்து, ஒண்ணொண்ணா மெஷின்ல சொருகி அடிச்சிட்டா! வந்தவன், வராதவன், லீவுல போனவன், எல்லாருக்கும் வருகை. வெல்டர் ஒருத்தன், சுப்பன்னு பேரு, செத்து நாலு நாள் ஆவுது, அவன் கார்டை நான் இன்னும் எடுக்கல. அவனுக்கும் அடிச்சிட்டா. ரெக்கார்டு பாத்தா அன்னிக்கி சுப்பன் செகண்ட் ஷிஃப்ட்டு வந்திருக்கான். கரெக்ட் டைம்ல. உயிரோட இருந்தப்ப ஒரு நாள் கூட அவன் அப்பிடி வந்ததில்ல.

சிரிக்காத. சரி சிரி. எல்லாரும் சிரிச்சானுங்க. 'ஏன்டி இப்பிடி பண்ணே'ன்னு கேட்டா, 'யாரும் லேட்டாவக் கூடாதுங்க, பாவம்'ங்கறா. யூனியன்காரன் மாலை போட்டான் அவளுக்கு. எனக்கு மெமோ. இருபத்தெட்டு வருஷத்துல நான் வாங்குன ஒரே மெமோ அதான். அதுவும் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது.

அப்பால எறங்குச்சு. அதுக்கு யாரும் சிரிக்கல. மூணு மாசம் செவுத்தப் பாத்துக்கினு படுத்தா. தலை வாரல. சோறு வேணாம். வெடியக்காலையில எழுந்து கெணத்தாண்ட போயி நின்னுக்குவா. ஏன் நிக்கறேன்னா, 'சும்மாங்க'ம்பா. சும்மா நிக்கற எடமா அது? நான் டூட்டிக்குப் போவாம வூட்லயே கெடந்தேன். கார்டுல செவப்பு. என் கார்டுல. நானே போயி, நானே மை போட்டேன்.

அப்பிடியே ஆறு வருஷம். ஏத்தம், எறக்கம், ஏத்தம், எறக்கம். மந்திரிச்சாச்சு. தாயத்து கட்டியாச்சு. தலைக்கு கரண்ட்டும் வெச்சாங்க. அப்பறம் எம்பத்தஞ்சுல மெட்ராசுல ஒரு டாக்டரு, மனசு டாக்டரு, இத்த எழுதிக் குடுத்தாரு. லித்தியம்னு பேரு. மண்ணுலேர்ந்து எடுக்கறதாம். 'இது குணமாக்கற மாத்திரை இல்ல பெரியவரே, திரும்ப வராம பாத்துக்கற மாத்திரை'ன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. இப்ப நல்லாதானே இருக்கா, நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு மாத்திரை? திருடன் வராத வூட்டுக்கு வாட்ச்மேனா? 'வாட்ச்மேன் இருக்கறதாலதான் வரல'ங்கறாரு. எத்தினி நாளைக்கின்னேன். 'ரொம்ப நாளைக்கி'ன்னாரு. அது இன்னா கணக்கு, ரொம்ப நாளு? டைம் ஆபீஸ்ல அப்பிடி எழுதுனா வேலை போயிடும்.

ஆனா வேலை செஞ்சுது. ஒத்துக்கறேன். ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. நிதானமா சோறாக்குனா. பையனுக்கு கல்யாணம் பண்ணா. பேத்திக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறா. என்னோட சண்டை கூட போடறதில்ல. முன்னெல்லாம் சட்டி பறக்கும். இப்ப, 'சரிங்க.' எது சொன்னாலும் 'சரிங்க.' ஒரு மனுஷன் எத்தினி 'சரிங்க'தான் கேக்கறது?

மூணு மாசத்துக்கு ஒரு தபா மெட்ராசுக்கு இட்டுக்கினு போவணும், ரத்தத்துல மருந்து எவ்ளோ கீதுன்னு பாக்க. ஒரு தபா கூட தப்பல. போன மாசக் கடைசியில போவேண்டியது. எப்பிடிப் போறது? பஸ்ஸு இல்ல, கடை இல்ல, ரோட்ல ஈ காக்கா இல்ல. அடங்கட்டும்னு வெச்சிருந்தேன். அது என் தப்பா?

இப்ப குத்தம் சொல்ல வந்துட்டாங்க. அந்த மாத்திரையில ஒரு குத்தமும் இல்லியாம், குடுத்தவன் மேலதான் சந்தேகமாம். நான் கேக்கறேன், அந்த மாத்திரை சாப்புட்டு ஆறு வருஷமா அவ இன்னா பாடு படறா தெரியுமா? ஒடம்பு ஊதிப்போச்சு. ஒரு நாளைக்கி ஒரு கொடம் தண்ணி குடிப்பா. கை லேசா நடுங்கும், எப்பவும். 'அது இருக்கும், பெருசா ஒண்ணுமில்ல'ன்னாரு மெட்ராஸ் டாக்டரு. அவருக்கு பெருசில்ல. காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம், சித்திரையில. சம்பந்தியம்மாவுக்கு காபி குடுக்கப்போயி, டம்ளர் ஆடி, பட்டுப்பொடவையில ஊத்திட்டா. ஒரு பொம்பளை சொல்றா, 'நரம்புத் தளர்ச்சி போல'ன்னு. இன்னொருத்தி, 'அவங்களுக்கு முன்னாடியே அந்த வியாதி இல்ல?'ன்னு. காதுல வுழற மாதிரி. தாயாரு குனிஞ்சி அந்தப் பொடவைய முந்தானையால தொடைச்சா. பஸ்ல வர்றப்ப கையி ரெண்டையும் மடியில போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு அமுக்கிப் புடிச்சிக்கினே வந்தா.

எனக்குப் பொறுக்கல. அன்னிக்கிதான் ஒக்காந்து யோசிச்சேன். ஆறு வருஷமா மருந்து சாப்புடறா... ஒரு நாள் பத்தியம் உண்டா? எங்க வூட்ல ஒரு கொப்புளத்துக்கு களிம்பு தடவுனாக்கூட பத்தியம் இருப்போம். உப்பு ஆவாது, புளி ஆவாது, எண்ணெய் ஆவாது. பத்தியம் இல்லாத மருந்து ஒடம்பப் புடிச்சி ஆட்டாம இன்னா பண்ணும்? இந்த இங்கிலீஷ் டாக்டருங்களுக்கு அது தெரியாது. எழுதறான், அனுப்பறான். மிச்சத்த நாமதான் பாத்துக்கணும்.

வெச்சேன் பத்தியம். ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். சுத்தமா உப்பு கெடையாது. ஊறுகா, அப்பளம், கருவாடு, எதுவும் கெடையாது. கஞ்சி, வெறும் பருப்பு, வேகவெச்ச காயி. தண்ணியும் அளவு. வேளைக்கு ஒரு சொம்பு, போதும். மாடு மாதிரி குடிச்சா நரம்பு நீத்துப்போவும். இன்னிக்கி முப்பத்திமூணாம் நாளு. காலண்டர்ல கோடு போட்டு வெச்சிருக்கேன். ஒரு நாள் தப்பல...

இன்னாப்பா? பேனா வுழுந்துடுச்சி பாரு. எடு. இன்னா மூஞ்சி அப்பிடி ஆவுது? பசியா?

உப்பா? ஆமா, சுத்தமாத்தான். நான் சொன்னா சுத்தமாத்தான் இருக்கும். மருமவ சண்முகப்ரியா இருக்காளே, அவ பதினெட்டாம் நாள் ஒரு வேலை பண்ணா. ரசத்துல திருட்டுத்தனமா ஒரு சிட்டிகை போட்டுட்டா மாமியாருக்கு. எனக்குத் தெரியாதா? வாயில வெச்சதும் தெரிஞ்சிடுச்சி. வூடே அதிர்ற மாதிரி கத்துனேன். 'அத்தை பாவம் மாமா, வாயில வெக்க முடியல, நாளுக்கு நாள் சோந்து போறாங்க, கை இன்னும் அதிகமா நடுங்குது'ன்னா. நடுங்கத்தான் செய்யும், பழைய வெஷம் வெளிய போவுது இல்ல? அப்பிடித்தான் சொன்னேன். அன்னியிலேர்ந்து தாயாரு தட்டுல எது வுழுந்தாலும் மொதல்ல நான் ருசி பாத்துதான் குடுக்கறேன். கேட்ல செக்கிங் மாதிரி. ஒரு கல்லு உப்பு உள்ள போவ முடியாது.

தாயாரு? அவ இன்னா சொல்லுவா. 'சரிங்க'ன்னா. இருவதாம் நாளோ இருவத்தோராம் நாளோ ஒரே ஒரு தபா கேட்டா. 'நாக்குல ஒரு கல்லு மட்டும் வெச்சிக்கட்டுங்களா'ன்னு. கொழந்த மாதிரி. இன்னும் இருவத்தேழு நாளுதான், பல்லக் கடிச்சிக்கோன்னேன்.

எங்க எழுந்துக்கற? ஒக்காருன்றேன். பாதியில எழுந்துபோனா அது இன்னா மரியாதை?

டாக்டர்கிட்ட சொல்லிட்டேனாவா? எத்த? பத்தியத்தயா? அவரு கேக்கல. 'சாப்பாடு எல்லாம் எப்பவும் போலத்தானே'ன்னாரு. ஆமான்னேன். பின்ன? பத்தியம் சாப்பாட்டுல சேத்தியா? அது மருந்தோட சேத்தி. மருமவ இன்னாவோ வாயத் தொறந்தா. நான் பாத்த பார்வையில மூடிக்கினா. டாக்டரு கிட்ட ஒருத்தர்தான் பேசணும். நாலு பேரு பேசுனா கொழப்பம்.

நீ இன்னா பொட்டியத் தொறக்கற? எனக்கு மாத்திரை விக்கப் பாக்கறியா? கொண்டா அத்த. இன்னா சீட்டு இது? கண்ணாடி எங்க வெச்சேன்... இரு. படிக்கத் தெரியும்யா, டைம் ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்தான். நீ வெரல் வெக்காத. மறைக்குது.

...

இன்னா எழுத்து, எறும்பு மாதிரி. உப்பு... கொறைச்சா... ரத்தத்துல... ஏறும்.

யாரு எழுதுனது இது? ஒங்க கம்பெனி எழுதுனதா? ஆ, அதான் பாத்தேன். மாத்திரை விக்கறவன் உப்பையும் சேத்து விக்கறான். ஏறும்னா எப்பிடி ஏறும்? குடுக்கறது அதே மூணு. மூணு எப்பிடி ஆறாவும்?

மெதுவா சொல்லு. டை கட்டிக்கினு வேகமா பேசாத, புரியல... சரி. ஒடம்புக்கு அந்த மருந்தும் உப்பும் ஒரே ஜாடை. சரி. உப்பு தாராளமா இருந்தா மருந்து வந்த வழியே வெளிய போயிடும். உப்பு வரலேன்னா, இருக்கறத வுடக்கூடாதுன்னு இந்த மருந்தயும் சேத்துப் புடிச்சி வெச்சிக்கும். அதாவது... லைன்ல ஆளு கொறஞ்சா, ஷிஃப்ட்டு முடிஞ்சவன வூட்டுக்கு வுடாம ஓ.டி.ன்னு புடிச்சி வெப்பானே சூப்பர்வைசரு, அந்த மாதிரி. நேத்து ஷிஃப்ட்டும் உள்ள. இன்னிக்கி ஷிஃப்ட்டும் உள்ள. நாளைக்கி ஷிஃப்ட்டும் உள்ள வர்றான். ஒருத்தனும் வெளிய போவல.

தண்ணி கொறைச்சாலும் அப்பிடித்தானா? வெய்யில்ல வேத்தாலும்? வாந்தி எடுத்தாலும்?

அப்ப முப்பத்திமூணு நாளா கேட்ட மூடிட்டு ஆள உள்ள அனுப்பிக்கினே இருந்திருக்கேன். டைமுக்கு. எட்டு, ஒண்ணு, எட்டு.

போய்யா. நீ இன்னா டாக்டரா? பொட்டி தூக்கற பையன். ஊர்ல எத்தினி பேரு பத்தியம் இருக்கான், எல்லாரும் செத்தா போயிட்டான்? ஒன் சீட்டுல ஆயிரம் எழுதுவ. கை நடுங்கும்னு எழுதியிருக்கு, வாந்தி வரும்னு எழுதியிருக்கு, நடை தள்ளாடும், நாக்கு கொழறும்... எல்லாத்தயும் எழுதி வெச்சிட்டா, எது வந்தாலும் 'நான்தான் சொன்னேனே'ன்னு சொல்லிக்கலாம் இல்ல? நல்ல பொழப்பு.

அந்த மெட்ராஸ் டாக்டரு சொன்னாரான்னா கேக்கற?

சொல்லியிருப்பாரு.

சொன்னாரு. எம்பத்தஞ்சுல, மொத நாளு. இன்னான்னமோ சொல்லிக்கினே போனாரு. உப்பு, தண்ணி எதயும் மாத்தாதீங்க, வெய்யில் நாள்ல ஜாக்கிரதைன்னு. நான் கடிகாரத்தப் பாத்துக்கினு இருந்தேன். நாலு பத்துக்கு பஸ்ஸு. அத்த வுட்டா ஆறு மணிக்குத்தான். மாத்திரை எத்தினி, எப்பன்னு மட்டும் சொல்லுங்க சார், மத்தது நாங்க பாத்துக்கறோம்னு நானே எழுந்துட்டேன். தாயாரு இன்னும் கேட்டுகினுதான் இருந்தா. அவ கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்தேன். நாலு பத்து பஸ்ஸு புடிச்சிட்டோம். டைமுக்கு.

அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி கேட்டது... தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாளா? அவ எங்க சொல்லுவா. நான் எங்க சொல்ல வுட்டேன். பழைய தாயாரா இருந்தா கஞ்சிச் சட்டிய என் தலையிலயே கவுத்திருப்பா. கவுத்திருந்தா இன்னிக்கி இங்க வந்திருக்க வேணாம்.

இது? மாத்திரை. ஒரு மணிக்கு. சட்டைப் பாக்கெட்ல எப்பவும் வெச்சிருப்பேன். டாக்டரு இப்போதிக்கி நிறுத்தி வெய்யுங்கன்னுதான் சொன்னாரு. அவரு சொல்வாரு, மூளையா மாத்திரையான்னு அவருக்கே தெரியல. நிறுத்திட்டு, பழைய மாதிரி கெணத்தாண்ட போயி நின்னா யாரு பாக்கறது? ஆறு வருஷமா தப்பாத வேளை. அந்த நர்சு அந்தாண்ட போவட்டும், கொஞ்சம் தண்ணியில கரைச்சி வாயில ஊத்திடலாம்னுதான்... காலையில எட்டு மணிக்கு அப்பிடித்தான் குடுத்தேன். பாதிய வாந்தி எடுத்தா. மறுபடியும் குடுத்தேன்.

கையப் புடிக்காத. வுடு. குடுக்க மாட்டேன். வுடுன்றேன் இல்ல? இந்தா, நீயே வெச்சிக்க. வித்துக்க.

மணி பன்னெண்டு நாப்பது.

போன் பேசி முடிக்கப்போறாரு பாரு. சத்தம் கொறஞ்சிபோச்சு. மூளைன்னுதான் எழுதி அனுப்புவாரு. மெட்ராசுக்கு எத்தினி நேரம், இந்தப் போலீஸ்காரன் நிறுத்தி நிறுத்தி மோந்துக்கினு இருந்தா? ரெண்டு மணி நேரம். அங்க போயி மூளையத் தேடுவான். இல்லாத அடைப்பத் தேடிக்கினு ஒக்காந்திருப்பான். சாயங்காலம் ஆவும். ஒங்க சீட்டுல, வெஷம் ஏறி ரொம்ப நேரம் ஆனா இன்னா ஆவும்னு போட்டிருந்துது இல்ல? கீழ, கடைசி வரியில? நான் படிச்சேன். படிக்காத மாதிரி இருந்தேன்.

நீ எங்க கெளம்பற? நீ போயி சொல்றியா? யாரு நீ? இன்னா சொல்லுவ? 'சார், வெளிய ஒரு கெழவன் பொண்டாட்டிக்கு உப்பு போடாம'... வாய ஒடைப்பேன். ஒக்காரு.

ஒக்காருன்றேன்... சாமி மாதிரி ஒக்காருப்பா. ஒரு நிமிஷம்.

அந்தப் பொண்ணு உள்ள இருக்கா. சண்முகப்ரியா. அவ எதிர்ல எப்பிடி சொல்றது? அன்னிக்கி ரசத்துக்காக அவள 'வெஷம் வெக்கறவளே'ன்னு திட்டுனேன். தெருவுக்கே கேக்கற மாதிரி. எதிர்த்தாப்புல ராஜம்மா வூட்லேர்ந்து எட்டிப் பாத்தாங்க. அழுதுகினே தட்டைக் கழுவுனா. அவள வெளிய அனுப்பிட்டு சொல்லலாமா? 'பிளாஸ்க்குல காபி வாங்கிக்கினு வாம்மா'ன்னு சொன்னா போயிடுவா. சொன்ன சொல்லத் தட்ட மாட்டா. அந்த கேப்புல டாக்டர் காதோட சொல்லிட்டா...

இன்னா பாக்கற?

சரி. வேணாம். இருக்கட்டும். அவ போட்ட சிட்டிகைதான் இந்த முப்பத்திமூணு நாள்ல அவ அத்தைக்கு ஒடம்புல ஒட்டுன ஒரே மருந்து. அவ இருந்துதான் கேக்கணும்.

முட்டி புடிச்சிக்கிச்சி. கை குடு. தூக்கு. ஆங். வுடு, போதும், நான் நடப்பேன். இந்த சீட்ட நான் எடுத்துக்கறேன். நீ உள்ள வராத. இங்கயே இரு. வாசப்படியாண்ட இருந்தா போதும். நான் பாதியில நிறுத்திட்டா மட்டும் வா. நிறுத்த மாட்டேன். நிறுத்துனா.

யாக்கோபு சார். போனை வெக்காதீங்க. இல்ல, டாக்சி வரல. மெட்ராஸ்காரர லைன்ல இருக்கச் சொல்லுங்க.

மாத்திரை கணக்குன்னு சொன்னேன் இல்ல? கணக்குதான். உப்புதான் இல்ல. சோத்துல, கொழம்புல, எதுலயும். தண்ணியும் கொறைச்சல். முப்பத்திமூணு நாளா. காலையில மாத்திரை ரெண்டு தபா போயிருக்கு.

இல்ல சார். அவளா நிறுத்தல. இந்தப் பொண்ணும் நிறுத்தல. இது போட்டுச்சி சார், நான்தான் திட்டி நிறுத்திட்டேன். எழுதிக்குங்க. வரதராஜுலு. நான்தான்.

சண்முகப்ரியா, அழாத. டாக்டரு கேக்கறாரு பாரு. எந்தத் தேதியிலேர்ந்து கை அதிகமா நடுங்குச்சி, எப்பலேர்ந்து கால் பின்னுச்சி... எனக்குக் கோடு போட்ட நாளுதான் தெரியும். பாத்தவ நீதான். நீ பேசு. நான் குறுக்க வரல.